குபேரனின் கொள்ளுப்பேத்தி ஸ்மிருதி

பெங்களூர்
18.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? தங்கச்சி திரிஷா பரீட்சை எழுதிவிட்டாளா?

போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். நேற்றும் அதுதான் நடந்தது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆமாம், இரண்டு வருஷத்துக்கு முன்பே அரசிதழில் கொடுத்து என் பேரை ஸ்மிருதி என்று மாற்றிக்கொண்டேன். உங்களிடம் சொல்லாதது தப்புதான். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல நான் எதையும் தூக்கி எறியவில்லை. ஸ்மரணம் என்றால் நினைப்பது. அந்தச் சொல்தான் வடக்கே பஞ்சாப் பக்கம் போய் சிம்ரன் ஆனது. ஸ்மிருதி என்றாலும் நினைவுதான். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. நான் சட்டையைத்தான் மாற்றியிருக்கிறேன், ஆளை மாற்றவில்லை.

சிம்ரன் என்று சொன்னதும் இங்கே ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஒரு சிரிப்பு, "டான்ஸ் ஆடுவீங்களா?" என்று ஒரு கேள்வி. எனக்கு அலுத்துவிட்டது அப்பா.

தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் ஸ்மிருதி என்றுதான் வரும். ஹர்ஷா உங்களையும் அம்மாவையும் விசாரித்தார்.

அன்பு மகள்
ஸ்மிருதி


கூரம்
26.8.2024

சிம்ரனுக்கு அப்பா எழுதியது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் பேர் மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

குறுக்கே பேச முடியாதபடி எழுதியிருக்கிறாய், கெட்டிக்காரிதான். இப்போது நீ குறுக்கே பேசாமல் கேள்.

நீ வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு படம் பார்த்தாள். இடைவேளையிலேயே பேரை முடிவு பண்ணிவிட்டாள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை, "உங்க ஆளுங்களுக்கு சினிமா பேர விட்டா வேற பேரே கிடைக்காதா?" என்றார். நான், "நல்ல பேரையெல்லாம் நீங்க முன்னாடியே எடுத்துக்கினீங்க டீச்சர், எங்களுக்கு மிச்சம் இருக்கறது சினிமாதான்" என்றேன். அந்தப் பேருக்கு அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும்.

என் பேரையே எடுத்துக்கொள். எங்கள் அப்பா ஆசையாக ராஜவேலு என்று வைத்தார். நிலத்துக்காரர் வீட்டுக் கணக்கப்பிள்ளை கடைசிவரை என்னை "டேய் வேலா" என்றுதான் கூப்பிட்டான். ராஜா என்ற சொல் எங்களைப் பார்த்தால் அவன் வாயில் ஏறாது. அப்படிப்பட்ட ஊரில், சுத்தமான வடமொழிப் பேர் ஒன்றைச் சினிமாக்காரன் டிக்கெட் கேட்காமல் பின்படியில் ஏற்றிவிட்டிருக்கிறான் என்று நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். பிறகு அதை எதற்கு நீ நடுவழியில் இறக்கிவிட்டாய்?

ஸ்மிருதிக்கும் அர்த்தம் விசாரித்துவிட்டேன். நான் கண்டக்டராக இருந்தபோது என் பஸ்ஸில் தினமும் வந்த வடமொழி வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நினைவு என்பது சரிதானாம். ஆனால் யார் எங்கே குடியிருக்கலாம், யார் எதைத் தொடலாம் என்று எழுதி வைத்த பழைய சட்டப் புத்தகங்களுக்கும் பொதுப்பேர் ஸ்மிருதிதானாம். நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய புத்தகத்தின் பேரை என் மகள் காசு கட்டி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்!

உங்கள் அம்மாவும் இரண்டு நாளாக உன்மேல் கோபமாக இருக்கிறாள்.

அப்பா


பெங்களூர்
4.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவை நான் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். "இன்னாவோ பண்ணு, நான் வாய் நெறைய சிம்ரனுன்னுதான் கூப்புடுவேன்" என்றாள். அந்த மட்டுக்கு ஒருத்தியாவது சமாதானம்.

என் ஆபீசில் இன்னும் இரண்டு ஸ்மிருதிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் உங்களுக்குச் சட்டப் புத்தகம் ஞாபகம் வராது. ஒருத்தி பூனை வளர்க்கிறாள். ஸ்ருதி என்றால் காதால் கேட்டது, ஸ்மிருதி என்றால் மனதில் வைத்தது. மனதில் வைப்பதை ஒரு பெண்ணுக்குப் பேராக வைத்தவர்கள் அந்தப் பழைய சட்டத்தையா நினைத்திருப்பார்கள்? பேருக்கு அவரவர் வைத்துக்கொள்வதுதான் அர்த்தம். இதற்குமேல் நான் வாதாட மாட்டேன்.

இப்போது வேறு ஒரு காரியம். ஹர்ஷா வீட்டில் தெலுங்கு முறைப்படி கல்யாணம். கன்னிகாதானத்தின்போது பெண்ணின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூன்று பேரின் பேரையும் புரோகிதர் சொல்லி, இன்னாரின் கொள்ளுப்பேத்தி, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள் என்று மூன்று தடவை எல்லோர் எதிரிலும் உரக்கச் சொல்வாராம். பெண்ணின் அப்பாதான் அந்தப் பேர்களை எடுத்துக்கொடுக்க வேண்டும். ஹர்ஷாவின் அம்மா கேட்டனுப்பினார்கள்.

தாத்தா பேர் அம்மாசி என்று தெரியும். தாத்தாவின் அப்பா பேர் எனக்குத் தெரியாது. எழுதுங்கள்.

அன்பு மகள்
ஸ்மிருதி


கூரம்
13.9.2024

என் அன்பு மகள் சிம்ரனுக்கு,

நலம். நலமறிய ஆவல். முழங்கால்கூட இரண்டு நாளாகக் கொஞ்சம் பரவாயில்லை.

இவ்வளவு நாள் சண்டை போட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. நம் வீட்டில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எனக்குச் சடங்கில் நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, மைக்கில் எங்கள் தாத்தா பேரை மூன்று தடவை சொல்வார்கள் என்றால் அந்தச் சடங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் கொள்ளுத்தாத்தா பேர் குப்பன். அவருக்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லையாம். இவர் பிறந்ததும் அவருடைய அம்மா பிள்ளையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட்டாள். பேசி வைத்தபடி பக்கத்து வீட்டுக்காரி போய் எடுத்துக்கொண்டாள். அப்புறம் இவள் ஒரு படி தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பிள்ளையையே விலைக்கு வாங்கி வந்தாள். குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு விலைபோனது, இதையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு போவது என்று சாவு அலட்சியமாகத் தாண்டிப் போய்விடுமாம். அதனால் குப்பன்.

மூடநம்பிக்கைதான். ஆனால் பச்சை உடம்போடு குப்பைமேடு வரைக்கும் நடந்து, திரும்பிப் பார்க்காமல் வந்தவளை நினைத்துப் பார். இதைவிட ஆசையாக வைத்த பேர் எந்த மொழியில் இருக்கிறது? பிள்ளையும் பிழைத்தது. நான் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் திடமாக இருந்தார்.

தாத்தா அமாவாசை அன்றைக்குப் பிறந்தார், ஆகவே அம்மாசி. கன்னிகாதானத்துக்கு எழுதிக்கொள்: குப்பன், அம்மாசி, ராஜவேலு. நானே சொல்கிறேன். வருஷக்கணக்கில் பஸ்ஸில் ஸ்டாப் பேர் கத்தின தொண்டை, மைக்கே வேண்டாம்.

ஹர்ஷாவுக்கும் அவருடைய அம்மாவுக்கும் என் வணக்கம் சொல்.

அன்புடன்
அப்பா


பெங்களூர்
14.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தீர்களா?

பத்திரிகை அச்சுக்குப் போகிறது. சில சின்ன விஷயங்கள். ஊர் பேர் காஞ்சிபுரம் என்று மட்டும் போட்டிருக்கிறோம். கூரம், தெரு எல்லாம் பத்திரிகைக்கு நீளம். கோத்திரம் கேட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று சொல்வது வழக்கமாம், அதையே கொடுத்துவிட்டேன்.

கன்னிகாதானப் பேர்களையும் புரோகிதர் வாய்க்கு வசதியாக இருக்கும்படி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அமாவாசை நிலாவோடு சம்பந்தப்பட்டது என்பதால் தாத்தாவுக்குச் சந்திரசேகரன். கொள்ளுத்தாத்தாவுக்குக் குபேரன். ஓசையும் கிட்டத்தட்ட வருகிறது. உங்கள் பேர் அப்படியே இருக்கிறது.

இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் அப்பா. ஒரு நிமிஷ வேலை.

அன்பு மகள்
ஸ்மிருதி


கூரம்
17.10.2024

சிம்ரன்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

புரோகிதர் வாய்க்கு வசதி இல்லையா? தெலுங்கும் சமஸ்கிருதமும் புரளுகிற வாயில் குப்பன் என்று நாலெழுத்து நுழையாதா? சொல்ல வந்ததை நேராகச் சொல். நாம் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதுதானே? காஞ்சிபுரம் என்று மட்டும் போட்டால் பட்டுப்புடவை ஞாபகம் வரும். கூரம் காலனி என்று போட்டால் நம் ஞாபகம் வரும். அதுதானே?

பிள்ளையைக் குப்பையில் போட்டுக் காப்பாற்றினாள் ஒருத்தி. நீ அவனைக் குபேரன் ஆக்கி ஒரேயடியாகக் கொன்றுவிட்டாய். நினைவு என்று பேர் வைத்துக்கொண்டு நீ செய்கிற முதல் காரியம் இது.

கணக்கப்பிள்ளை என் பேரில் பாதியை வெட்டினான். அவன் எங்கள் எதிரி, வெட்டினான். நீ யார்?

அந்தப் பேர்களை நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கும் வரமாட்டேன்.

ராஜவேலு


பெங்களூர்
24.11.2024

அப்பா,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹர்ஷாவுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

பேரால் நீங்கள் பட்டது எனக்குத் தெரியும், சொல்லிச் சொல்லி வளர்த்தீர்கள். நான் பட்டதை உங்களிடம் சொன்னதில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு வாடகை வீடு பேசினேன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார், பக்கத்தில் உட்கார வைத்து எந்த ஊர், எந்தப் பக்கம், தாத்தா பேர் என்ன என்று விசாரித்தார். நான் பெருமையாக அம்மாசி என்றேன். அவர் முகம் மாறவில்லை, சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினார். மறுநாள் வீடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்று தகவல் வந்தது. அதே மாதிரி இன்னொரு வீடு. மூன்றாவது வீட்டில் தாத்தா பேர் சந்திரசேகரன் என்றேன். சாவி கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணத்துக்காகக் கண்டுபிடித்த பேர் இல்லை அப்பா இது.

நீங்கள் கோபப்பட்டால் கத்திவிடுகிறீர்கள். எனக்குக் கத்த இடம் கிடையாது. பேரைத்தான் மாற்ற முடிந்தது.

நீங்கள் வரவில்லையென்றால் ஹர்ஷாவின் தாய்மாமா ஒருவர் அப்பா ஸ்தானத்தில் உட்கார்ந்து தாரை வார்ப்பார் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவர் தன்னுடைய அப்பா பேரையும் தாத்தா பேரையும் சொல்லுவார். அதுதான் உங்களுக்குச் சம்மதமா? ஒரே ஒரு தடவை, எனக்காகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்


கூரம்
15.12.2024

அக்கா, திரிஷா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்கு எழுத மனசில்லையாம். அம்மா சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதுகிறேன்.

"சிம்ரனு, எப்டி கீற? ஒழுங்கா துன்றியா? கல்யாணப் பொண்ணு இளைச்சிப் போயிடாத. உன் லெட்டர் வந்ததுலேர்ந்து உங்கப்பா சரியா சோறு துன்றதில்ல. வீடு கொடுக்கலன்றத எங்கிட்ட கூட சொல்லாம இருந்துட்டியேமா. அத நெனச்சி நெனச்சி அழுதுக்கினு இருக்கேன். உங்கப்பா கல்யாணத்துக்கு வர்றாரு. வேற எவனோ உக்காந்துக்கினு எம்பொண்ணுக்கு அப்பன்னு சொல்றதான்னு ஒரே ஆட்டம். அப்புறம் அவரே அடங்கிட்டாரு. நேத்து தனியா பேசிக்கினு இருந்தாரு. இன்னாடா ஆயிடுச்சி இந்த ஆளுக்குன்னு போயி பாத்தா, செவுத்தப் பாத்துக்கினு குபேரன் சந்திரசேகரன், குபேரன் சந்திரசேகரன்னு மனப்பாடம் பண்றாரு. நடுவுல குப்பன்னு வந்துடுது. ஒடனே தலையில அடிச்சிக்கினு மறுபடியும் மொதல்லேர்ந்து. நான் பாத்தது அவருக்குத் தெரியாது. நீயும் கேட்டுக்காத."

அக்கா, அம்மா சொன்னது அவ்வளவுதான். கீழே அப்பா ஒரு வரி எழுதித் தருகிறேன் என்கிறார்.

நீ எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன். பயப்படாதே. ரா.


பெங்களூர்
9.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று திரிஷா சொன்னாள். சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிட்டீர்கள். ஹர்ஷாவின் அம்மா உங்களைப் பற்றி இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எவ்வளவு மரியாதை, எவ்வளவு அமைதி என்கிறார்கள். உங்களை அமைதி என்று யாராவது சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

அம்மா சொன்னதை நான் படித்திருந்தேன். ஆகவே புரோகிதர் உங்கள் பக்கம் திரும்பியதும் நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பன் என்று வந்துவிடுமோ என்ற பயம் என்றுதான் நானும் நினைத்தேன். நீங்கள் மைக்கைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், கணீரென்று சொன்னீர்கள். குபேரன். சந்திரசேகரன். ராஜவேலு. ஒரு எழுத்து பிசகவில்லை. அந்த நிமிஷம்தான் தெரிந்தது அப்பா, நீங்கள் பிசக வேண்டும் என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வாயில் குப்பன் வந்துவிட்டால் மண்டபமே திரும்பிப் பார்க்கும், எல்லாம் அங்கேயே உடைந்து முடிந்துபோகும், நான் மூச்சு விடலாம்.

புரோகிதர் அதை மூன்று தடவை சொன்னார். குபேரனின் கொள்ளுப்பேத்தி, சந்திரசேகரனின் பேத்தி, ராஜவேலுவின் மகள் ஸ்மிருதி. அந்த வரிசையில் உங்களைத் தவிர நிஜமான ஆள் ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னும் ஹர்ஷாவின் அம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போகிறது. ஒவ்வொரு நாளும் போகப் போக எனக்கு என்மேல்தான் எரிச்சலாக வருகிறது.

குப்பைமேட்டில் பிள்ளையை வைத்துவிட்டு வந்தவளைப் பற்றி எழுதினீர்களே, அவள் பேர் என்ன? நான் கேட்கவே இல்லை. அவளுக்கு முன்னால் யார் யார், உங்களுக்குத் தெரிந்தவரைக்கும் எல்லாப் பேரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். நான் வைத்துக்கொள்கிறேன்.

மகள்
சிம்ரன்


கூரம்
15.2.2025

சிம்ரனுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் வலி பெங்களூர் போய் வந்ததில் அதிகமாகிவிட்டது. அம்மா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள்.

அவள் பேர் எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் பேரும் தெரியும். எழுதி அனுப்ப மாட்டேன். எழுதி அனுப்பினால் நீ திருத்துவாய்.

மேடையில் உட்கார்ந்து சொன்னதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. உன்மேல் இருக்கிற கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, தீரவில்லை. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் நீ தனியாக நின்றது எனக்குத் தெரியாமல் போனதே, அந்தக் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதை யாரிடம் போய்க் கத்துவது?

நேரில் வா. ஹர்ஷாவோடு வா, அவருடைய அம்மாவையும் அழைத்து வா. சம்பந்தி வீட்டுக்கு அவர்கள் இன்னும் வரவில்லை, முறைப்படி அழைக்கிறேன். உட்கார வைத்து, சோறு போட்டு, ஒவ்வொரு பேராக, நம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நான் சொல்கிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ முன்னால் நடக்காதே. வழியை அந்த அம்மாவே கேட்கட்டும். ராஜவேலு வீடு என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. குப்பன் பேரன் வீடு எது என்று கேட்கச் சொல்.

அப்பா